சலிக்காமல் 150 கிலோமீட்டர் மிதிக்க எந்தச் சாலை? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து:

நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 200 கிலோமீட்டர் பிரெவேயை, அதாவது கெடு வைத்து நடத்தும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தை, அதற்குரிய பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் அளவுக்குக் காலில் பலம் சேர்ந்திருக்கிறது. ஆனால் பலத்துக்காக மட்டும் மிதிக்க மனம் வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மாமல்லபுரம் வரை போய்வருவது இன்பம். ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் வரத் தொடங்கிவிட்டால், பக்கத்தில் கடல் இருப்பதே மறந்துபோகிறது.

எனக்குப் பிடித்த வழி ஒன்றைச் சொல்லித் தொடங்கி வைக்கிறேன். செங்கல்பட்டில் புறப்பட்டு வாலாஜாபாத், காஞ்சிபுரம், உத்திரமேரூர், வேடந்தாங்கல், படாளம் என்று சுற்றிச் செங்கல்பட்டுக்கே வருவது. நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். வாலாஜாபாத் சாலையில் ஜல்லி லாரிகள் அதிகம். அதனால் அந்தப் பகுதியை முதலிலேயே, கிழக்கு வெளுக்கும் முன்பே கடந்துவிடுகிறேன். உத்திரமேரூரைத் தாண்டியபின் ஏரிகள்தான். டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கல் கரையில் நத்தைகுத்தி நாரைகள் மரம் மரமாக அடைந்திருக்கும். அங்கே அரை மணி நேரமாவது நிற்காமல் நான் வந்ததில்லை. இப்படிப்பட்ட சாலைகள் உங்கள் பக்கம் எங்கே இருக்கின்றன?

திருச்சியிலிருந்து:

அண்ணா, வரைபடத்தை விரித்தால் நான் முதலில் ஆற்றைத் தேடுவேன். சமவெளியில் ஆற்றை ஒட்டிய சாலையில் ஏற்றம் இருக்காது, நிழல் இருக்கும், ஊருக்கு ஊர் படித்துறையும் டீக்கடையும் இருக்கும். லாரிகள் புறவழிச்சாலையைப் பிடித்துப் போய்விடும்.

திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். நடுவில் வாழைத் தோட்டம். கல்லணையைக் கடந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். பிறகு ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, கடைசியில் ஆறு கடலில் கலக்கும் பூம்புகார். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் போனாலும் தூரம் இவ்வளவுதான். ஆனால் அந்தச் சாலையில் போனவர்கள் எனக்குச் சொன்னதெல்லாம் வெயிலைப் பற்றித்தான்.

மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. அது கடைமடைக்கு வந்து சேர்ந்தபின் போனால் வாய்க்காலெல்லாம் நிரம்பி ஓடும். அந்த மாதங்களில் மேல்காற்று முதுகில் தள்ளும். கிழக்கு நோக்கி மிதிப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

குறுவை அறுவடைச் சமயத்தில் கபிஸ்தலத்துக்கு அருகே சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓர் அம்மா காலாலேயே நெல்லைக் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார். நான் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர், "இறங்கிப் போகிற பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லி, புளியமரத்தடியில் உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுத்தார். வானம் கறுத்தால் அத்தனை நெல்லையும் நாலு பேர் சேர்ந்து அள்ள வேண்டும் என்றார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால், ஒரு வெயில் நாளை இழப்பதும் அவர்களுக்கு நட்டம். டெல்டாவில் மிதிக்க வருகிறவர்கள் தயவுசெய்து நெல்லின் மேல் சக்கரம் ஏற்றாதீர்கள். அந்தச் சாலை அவர்களுக்குக் களம்.

வாணியம்பாடியிலிருந்து:

சமவெளி அலுத்தவர்களுக்கு ஜவ்வாது மலை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், இறங்கினால் போளூர். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதே இந்தப் பகுதியின் இரவு எவ்வளவு இருண்டது என்பதற்குச் சான்று. அதனால் பொழுது சாயும் முன் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே கடை அதிகம் இல்லை. ஆலங்காயத்திலேயே இரண்டு பாட்டில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். சாலையோரத்தில் சாமை விளையும் நிலங்கள் வரும். வழி கேட்டால் மலை மக்கள் வேலையை விட்டுவிட்டு வந்து காட்டுவார்கள்.

தென்காசியிலிருந்து:

ஆற்றைப் பிடி என்கிற திருச்சித் தம்பியின் கட்சிதான் நானும். ஆனால் எங்கள் பக்கத்தில் காற்றைக் கேட்காமல் சைக்கிளை எடுக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்ட மூன்று வாசல்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வாசல்களுக்கு எதிரே மேற்கு நோக்கி மிதிப்பது பெரும் பாடு. சமவெளியிலேயே மலையேறிய களைப்பு வந்துவிடும்.

பணகுடிப் பக்கம் ஒரு டீக்கடையில் காற்றாலை பராமரிக்கும் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். காற்றாலை எப்போதும் காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து நிற்கும் என்றார் அவர். இறக்கைகள் உங்களைப் பார்த்து நின்றால் காற்று உங்கள் முதுகில், அவற்றின் முதுகு உங்களுக்குத் தெரிந்தால் எதிர்காற்று. விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து எதிர்காற்றுப் பகுதியை முதலில் முடித்து, பத்து மணிக்கு மேல் முதுகுக் காற்றோடு வீடு திரும்பும்படிதான் எந்த வழியையும் வகுக்கிறேன்.

வந்த வழியே மிதித்துத் திரும்பாமல் போவதற்கு மட்டும் என்றால் தாமிரபரணிக் கரை. தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் வரை வலப்பக்கம் மலை கூடவே வரும். அம்பாசமுத்திரத்தில் ஆற்றைப் பிடித்துவிட்டால் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று திருச்செந்தூர் வரை வயலும் வாழையும்தான். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க ஆசை வரும். நொறுங்கிவிடும், திரும்பும்போது பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து:

சமவெளிக்காரர்களே, ஏற்றத்தைத் தண்டனையாகப் பார்க்காதீர்கள். ஆழியாறு அணையிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவு ஏறினால் அணை கொஞ்சம் சிறியதாகத் தெரியும், அடுத்ததில் இன்னும் சிறியதாக. இங்கே வரையாடுகள் சாலையோரக் கைப்பிடிச் சுவரிலேயே வந்து நிற்கும். கார் நின்றால் உள்ளிருப்பவர்கள் இறங்குவார்கள், கைதட்டுவார்கள், ஆடுகள் மேலே ஏறிவிடும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறியபோது ஓர் ஆடு அசை போட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அருகில் போகாதீர்கள், தீனி போடாதீர்கள். மழைக்காலத்தில் இறக்கத்தில் பிரேக் கட்டைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பூம்புகாரில்தான் என் மனம் நிற்கிறது. அங்கிருந்து திரும்புவது எப்படி, தம்பி?

திருச்சியிலிருந்து:

மயிலாடுதுறை வரை திரும்பி மிதியுங்கள் அண்ணா, 25 கிலோமீட்டருக்குள்தான். எதிர்காற்று என்பதால் மாலை வரை பூம்புகாரில் இருந்துவிட்டுப் புறப்படலாம். சைக்கிளை ரயிலில் ஏற்றுவதென்றால் நீங்கள் போகும் ரயிலில் அதற்கு இடம் உண்டா என்று பார்சல் அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை கடைசியில் வருகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், கல்லணை வரை நானும் கூட வருகிறேன்.