வலது கீழ்க் கடைவாயில் இரண்டு பற்கள் இல்லை: இம்பிளாண்ட் பொருத்தலாமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

வணக்கம். என் அம்மாவுக்கு 62 வயது. வலது கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களும் சொத்தை முற்றியதால் சென்ற ஆண்டு எடுக்கப்பட்டன. அன்று முதல் இடது பக்கமாகவே மெல்லுகிறார். நிலக்கடலையும் முறுக்கும் அறவே நின்றுவிட்டன, பெரும்பாலான நாள்களில் சந்தகையோ குழைந்த அரிசிம்பருப்போதான் உணவு. உள்ளூர் மருத்துவர் இரண்டு இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்கிறார். ஈரோட்டில் நாங்கள் பார்த்த மற்றொருவர், முன்னால் இருக்கும் இரண்டு பற்களை அராவிக் கேப் போட்டு, அவற்றோடு சேர்த்துப் பின்னால் ஒரு பல்லை நீட்டிக் கட்டினால் பாதிச் செலவில் முடியும் என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எலும்பு வலுவுக்காக வாரம் ஒருமுறை ஒரு மாத்திரையும் எடுக்கிறார். இந்த வயதில் தாடை எலும்பில் திருகு இறக்குவது சரியா? பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் போகும் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா?

பதில் 1 (பல் மருத்துவர், திருப்பூர்)

முதலில் அந்த வார மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். அது பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். இவ்வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுப்பதோடு, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தையும் குறைத்துவிடுவதால், தாடையில் அறுவை செய்த இடம் ஆறாமல் எலும்பு உயிரிழந்துபோவது அரிதாகச் சிலருக்கு நேர்கிறது. மாத்திரையாக எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் தொடரும்போது சற்றுக் கூடும். புற்றுநோய்க்காக இவ்வகை மருந்தை ஊசியாக ஏற்றிக்கொள்பவர்களுக்கோ பல மடங்கு அதிகம். ஆகவே எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறார் என்பதை மருந்துச் சீட்டோடு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் வரும் துன்பம் பல் இல்லாத துன்பத்தைவிடப் பெரியது.

நீட்டிக் கட்டும் முறையை நான் ஏற்கவில்லை. பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் கேப் போட்டு அவற்றோடு செயற்கைப் பல்லைச் சேர்த்துக் கட்டும் முறைக்கு, வழக்கமாக இருபுறமும் தாங்கும் பல் வேண்டும். உங்கள் அம்மாவுக்குப் பின்புறம் பல்லே இல்லை. முன்னிருக்கும் இரண்டு சிறு கடைவாய்ப் பற்களிலிருந்து ஒரு பல்லைத் தொங்கவிட்டால், மெல்லும்போதெல்லாம் அது நெம்புகோலாகி அவற்றின் வேரை அசைக்கும். நல்ல பற்கள் இரண்டை அராவியபின் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியும் இல்லை.

இம்பிளாண்ட் புதிதாக வந்த சிகிச்சை அன்று. டைட்டானியத்தோடு உயிருள்ள எலும்பு நேரடியாகப் பிணைந்துவிடுவதை ஸ்வீடனின் மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க் 1950களில் முயல்களிடம் செய்த ஆய்வின்போது கண்டார்; 1965இல் முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். வயது ஒரு தடையே அன்று. தாடை வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்குத்தான் வைக்கக் கூடாது. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், வாயை ஒட்டிய பகுதியில் மட்டும் படம் சற்றுக் கலங்கலாம்.

கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. பல் எடுத்த முதல் ஆண்டிலேயே எலும்பு கணிசமாக மெலிந்துவிடுவதால், எஞ்சிய உயரமும் அகலமும் எவ்வளவு, நரம்பு எங்கே இருக்கிறது என்பதை முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேனில் பார்த்த பிறகே திருகின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஸ்கேன் இல்லாமல் நாள் குறிக்கும் இடத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதில் 2 (பொள்ளாச்சி)

என் மாமனாருக்கு மேல்தாடையில் வைத்தோம். எலும்பு போதாமல் எலும்புத்தூள் சேர்க்க வேண்டியிருந்ததால் காத்திருப்பும் செலவும் கூடின. ஆகவே ஸ்கேன், திருகு, மேலே போடும் கேப், தேவைப்பட்டால் எலும்புத்தூள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருகின் நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் வேறு மருத்துவர் அதைக் கழற்றவோ இறுக்கவோ நேர்ந்தால் அது இல்லாமல் தடுமாறுவார். கோவையிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துப் பார்ப்பதும் நல்லது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அதை முன்கூட்டியே விட்டாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. புகையிலைப் பழக்கம் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9 சதவீதம் என்று வந்திருக்கிறது. இந்த நிலையில் செய்யலாமா?

பதில் 1 எழுதிய மருத்துவர்

இப்போது வேண்டாம். சர்க்கரை உயர்ந்திருக்கையில் புண் ஆறுவதும் எலும்பு பிணைவதும் தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். பொது மருத்துவரின் உதவியோடு அளவை 7ஐ ஒட்டிக் கொண்டுவந்த பிறகு தொடங்குங்கள். அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. எதிரே கடிக்கப் பல் இல்லாததால் மேற்கடைவாய்ப் பற்கள் மெல்லக் கீழிறங்கி, பின்னர் கேப் வைக்கவே இடமில்லாமல் செய்துவிடும். அதுவரை கழற்றி மாட்டும் பல் ஒன்றைச் செய்துகொடுக்கச் சொல்லுங்கள். திருகு இறக்கிய பிறகு கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்துத்தான் கேப் வரும். இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது என்றாலும் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரையலாம். ஆகவே பல்லிடுக்குத் தூரிகையால் தினமும் துலக்கவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவும் அம்மா உடன்படுகிறாரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.