கையால் செய்த வாழ்த்து அட்டை யாருக்காக?

தூவல் எழுதியது:
நண்பர்களே, கொஞ்ச நாளாக மனதில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன். வாழ்த்து அட்டையைக் கடையில் வாங்கிக் கொடுத்தால் அன்பு குறைவு, கையால் செய்து கொடுத்தால்தான் உண்மையான அன்பு என்று ஒரு பேச்சு பரவிக் கிடக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. எனக்கு வந்த கைவினை அட்டைகள் மேசை இழுப்பறை நிறைய இருக்கின்றன. மூன்றடுக்குக் காகிதப் பூ, ரிப்பன், ஓரமெல்லாம் முத்து. திறந்தால் உள்ளே 'அன்புடன்' என்று ஒரு வார்த்தை, கீழே பெயர், அவ்வளவுதான். பூ வெட்ட ஒரு மாலை முழுக்கச் செலவிட்டவருக்கு என்னிடம் சொல்ல நாலு வரி கிடைக்கவில்லையா? தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் படிக்கவும் அதில் எதுவும் இல்லை. என் கட்சி இதுதான்: சாதாரண அட்டை ஒன்றை வாங்குங்கள், மிச்சமாகும் நேரத்தில் உள்ளே எழுதுங்கள்.

மடிப்பு எழுதியது:
தூவல், உங்கள் இழுப்பறையில் இருப்பவை மோசமான அட்டைகள். அதை வைத்து அட்டை செய்வதே வீண் என்று சொல்லிவிட முடியாது. என் பெரியப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். கண் பார்வை குறைந்து வேலையை விட்ட பிறகு வந்த பிறந்தநாளுக்கு அவருக்கு ஓர் அட்டை செய்தேன். முன்பக்கத்தில் கடிகார முகம். எண்களைத் தடித்த நூலால் தைத்தேன், தடவினால் விரலுக்குத் தெரியும். இரண்டு காலும் விரியும் சின்னப் பித்தளை ஊசியை நடுவில் செருகி, முட்கள் சுற்றும்படி வைத்தேன். வாங்கியவுடன் விரலால் தடவிப் பார்த்து, அவர் கடையைத் திறக்கும் நேரத்துக்கு முட்களைத் திருப்பி வைத்தார். உள்ளே நான் எழுதியது இரண்டே வரி. அந்த அட்டை எந்தக் கடையில் கிடைக்கும்? எழுத்து மட்டும்தான் பேசும் என்று யார் சொன்னது?

நேர்கோடு எழுதியது:
நான் தூவல் பக்கம். என் காரணம் வேறு. கூட வேலை பார்ப்பவர் ஒருவர், திறந்தால் நாலு பக்கமும் விரியும் பெட்டி அட்டை கொடுத்தார். உள்ளே அடுக்கடுக்காகப் படங்கள், எல்லாம் அவரே செய்தது. பார்த்ததும் எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, பதற்றம். அவர் பிறந்தநாளுக்கு நான் என்ன செய்வேன்? எனக்குக் கத்தரிக்கோலே நேராகப் போகாது. வாங்கிய அட்டை என்றால் நன்றி சொல்லி முடித்திருப்பேன். இது கடன் மாதிரி மேலே உட்கார்ந்துகொண்டது.

மடிப்பு எழுதியது:
நேர்கோடு, அவர் திருப்பிக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அந்தக் கடனை நீங்களாகவே எழுதி வைத்துக்கொண்டீர்கள். பிடித்திருந்தால் 'பிடித்திருக்கிறது, எந்தப் படம் எனக்கு நெருக்கமானது தெரியுமா' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அட்டை செய்கிறவர் ஏங்குவது அதற்குத்தான்.

நேர்கோடு எழுதியது:
கேட்கவில்லைதான். ஆனால் கேட்காமலே கடன் ஏறுகிறது, அதைத்தான் சொல்கிறேன். கொடுப்பவர் பெறுபவரின் நிலையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அறிமுகம் மட்டுமே உள்ளவருக்கு அவ்வளவு பெரிய உழைப்பைக் கொடுப்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவது.

ஏட்டுச்சுவடி எழுதியது:
கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், விவாதத்துக்குத் தேவையானதுதான். பிரிட்டனில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். அஞ்சல் மலிவானதும் கடிதங்கள் குவிந்தன, பண்டிகை நேரத்தில் எல்லாவற்றுக்கும் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, சுமார் 1000 அட்டைகள் அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது அதுதான், விலை ஒரு ஷில்லிங். வாழ்த்து வாசகம் முன்னமே அச்சாகியிருந்தது. பெறுபவர் பெயரும் அனுப்புபவர் பெயரும் எழுத மட்டும் இடம். ஆக, தூவல் கோபப்படும் அந்த 'அன்புடன், பெயர்' பழக்கத்தைக் கைவினைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அச்சு அட்டை அதற்காகவே பிறந்தது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1840களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண் சரிகைக் காகிதம் வைத்துக் காதலர் தின அட்டைகள் செய்து விற்கத் தொடங்கினார். ஒரு பெண் படம் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்துக்கொண்டு செய்தார்கள். முழுக்கக் கைவேலைதான், ஆனால் யாருக்குப் போகிறது என்று செய்தவருக்குத் தெரியாது. அதனால் கையா அச்சா என்பதை மட்டும் வைத்து அன்பை அளக்க முடியாது என்பது என் கருத்து. இதில் இரண்டு கட்சியோடும் நான் ஒத்துப்போகவில்லை.

தூவல் எழுதியது:
ஏட்டுச்சுவடி ஐயா, அருமையான தகவல். ஆனால் இது எனக்குத்தான் சாதகம். இன்று கைவினை என்ற பெயரில் நடப்பதில் பாதி அந்த வூஸ்டர் வேலைதான். வெட்டி வைத்த பூக்கள், ஒட்டத் தயாரான எழுத்துகள், முத்திரை குத்திய வாழ்த்து எல்லாம் பொட்டலமாகக் கிடைக்கிறது. வாங்கி ஒட்டுகிறார்கள். நேரம் முழுக்க அட்டை மேலே போகிறது, யாருக்கு என்பதில் போகவில்லை. மடிப்பின் பெரியப்பா அட்டையை நான் மறுக்கவே இல்லை, அது அபூர்வம். அபூர்வத்தை வைத்து எல்லோரையும் செய்யச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

கத்தரி எழுதியது:
வருடக்கணக்காக அட்டை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உள்ளே எழுத்து இல்லாமல் போவதற்குப் பல நேரம் காரணம் அன்புக் குறைவு இல்லை, வேலை செய்யும் வரிசை. பலர் கருநீலம், அடர் சிவப்பு என்று அட்டை எடுக்கிறார்கள், அதில் பேனா மை தெரியாது. வழவழப்பான அட்டை என்றால் ஜெல் பேனா இழுசிப் போகும். எல்லாம் ஒட்டி முடித்து, கடைசியில் எழுதலாம் என்று உட்காரும்போது கை ஓய்ந்திருக்கும். எழுத்து பிசகினால் முழு வேலையும் பாழ் என்று பயமும் வரும். அப்போது 'அன்புடன்' தவிர வேறு என்ன வரும்?

நான் செய்வது தலைகீழ். முதலில் மெல்லிய வெள்ளைத் தாளில் கடிதத்தை எழுதிவிடுவேன். பிசகினால் இன்னொரு தாள், அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகுதான் மேலே என்ன படம் வேண்டும் என்றே தெரியும். அப்புறம் அட்டையை மடித்து, தாளை உள்ளே மடிப்போரத்தில் மட்டும் ஒட்டுவேன். தண்ணீர் அதிகமுள்ள பசை காகிதத்தை ஊறவைத்துச் சுருக்கிவிடும், அதனால் பசைக்குச்சிதான்.

மடிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், தொடங்குகிறவர்கள் மனம் விட்டுப்போகும் இடம் அது. காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அட்டையை மடிக்காமல் நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கில் மடிப்பு வர வேண்டும். மாற்றி மடித்தால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த அட்டை மடிப்பில் விரிசல் விட்டு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் கூர்மையாக நிற்கும். ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் சி6 உறையில் சரியாகப் போகும். நேர்கோடு, இதற்குக் கத்தரிக்கோல் திறமை தேவையில்லை.

பச்சையம் எழுதியது:
எல்லோரும் மறந்த ஒன்று, அட்டையில் ஒட்டும் மினுமினுப்புத் தூளான கிளிட்டர். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள். உதிரியான பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை செய்யத் தொடங்கியது. கிளிட்டரும் உலோகப் பூச்சும் உள்ள அட்டை காகித மறுசுழற்சிக்குப் பொதுவாக ஆகாது. கடை அட்டையானாலும் கை அட்டையானாலும் இதைத் தவிருங்கள். பழைய நாட்காட்டிப் படம், உறைகளின் உட்புறக் கோலம், இலைச் சருகு என்று அழகான பொருள் வீட்டிலேயே கிடக்கிறது.

கரும்பலகை எழுதியது:
நான் ஆசிரியை. பள்ளியில் நடப்பதையும் பேச வேண்டும். ஒரே மாதிரி வெட்டிக் கொடுத்து, ஒரே வாசகத்தைப் பலகையில் எழுதிப்போட்டு, 'அம்மாவுக்கு அட்டை செய்யுங்கள்' என்கிறோம். வகுப்பு முழுக்க ஒரே அட்டை. இதில் குழந்தையின் கை இருக்கிறது, குழந்தை இல்லை. அதோடு அம்மா இல்லாத குழந்தையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது நான் யாருக்கு என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அவரைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுத வேண்டும். ஒரு பையன் எழுதினான்: 'நீங்க ராத்திரி வேலைக்குப் போறப்ப கதவைச் சத்தமில்லாம சாத்துறது எனக்குத் தெரியும் அப்பா.' முன்பக்கத்தில் ஒரு கதவு வரைந்திருந்தான், கோணல்மாணலாக. தூவல், இதைக் கடையில் வாங்கிய அட்டைக்குள் எழுதியிருந்தால் அந்தக் கதவு வந்திருக்குமா?

தூவல் எழுதியது:
வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். ஆனால் கவனியுங்கள், வரி முதலில் வந்தது, கதவு பின்னால் வந்தது. கத்தரி அண்ணா சொல்வதும் அதே வரிசைதான். அப்படிச் செய்கிற அட்டைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், நான் எழுதத்தான் சொல்வேன்.

மடிப்பு எழுதியது:
இங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எழுத வராதவர்கள் எத்தனை பேர்! பெரியப்பாவுக்கு நான் பத்து வரி எழுதியிருந்தால், யாராவது படித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். முள்ளைத் திருப்ப அவருக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. எழுத வருகிறவர்கள் எழுதட்டும், கை ஓடுகிறவர்கள் செய்யட்டும். எழுதத் தெரிந்தவர்கள் வகுத்த அளவுகோலை எல்லோர் மேலும் வைக்காதீர்கள்.

நேர்கோடு எழுதியது:
கத்தரி, அந்த இழைத் திசை சோதனையைச் செய்து பார்த்தேன், நன்றாகவே மடிகிறது. கூட வேலை பார்ப்பவருக்குப் பெட்டி அட்டையெல்லாம் செய்யப்போவதில்லை. ஒற்றை மடிப்பு, உள்ளே அவர் கொடுத்ததில் எந்தப் படத்தை மேசையில் வைத்திருக்கிறேன் என்று நாலு வரி. அட்டையின் வெளிப்பக்கத்தை வெறுமையாக விடலாமா, ஏதாவது வேண்டுமா?

கத்தரி எழுதியது:
விடுங்கள், அவர் பெயரை மட்டும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், போதும். ஒட்டிய தாள் காயும்வரை கனமான புத்தகம் ஒன்றை மேலே வையுங்கள்.