பிரஷ்ஷைத் தொங்கவிடாதவன் ஷேவிங் பண்ணக்கூடாதா?

செவ்வாய்ப்பேட்டையான்:
நேத்து ஏற்காட்டு அன்பர் ஒருத்தர், ஷேவிங் பிரஷ் எல்லாம் தலைகீழாத் தொங்குற தன் அலமாரிப் படத்தைப் போட்டு, கீழே தீர்ப்பும் எழுதியிருந்தாரு: "பிரஷ்ஷை நிமிர்த்தி வைக்கிறவன் எத்தனை வாங்கினாலும் சேகரிப்பாளன் இல்லை, வெறும் கடைக்காரன்." எங்கிட்ட பன்றி முடி, குதிரை முடி, பேட்ஜர்ங்கிற வளைதோண்டி விலங்கோட முடி, சிந்தெடிக் எல்லாம் இருக்கு. எல்லாமே ஜன்னல் திண்டுல நிமிர்ந்துதான் நிக்குது. ஒண்ணும் அழுகல. பேர் சொல்லல. ஆனா ஆள் இங்க வருவாருன்னு தெரியும்.

நுரைநாயகம்:
வந்துட்டேன். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், எனக்கொண்ணும் கூச்சமில்ல. ஈரப் பிரஷ்ஷை நிமிர்த்தி வெச்சா தண்ணி எங்க இறங்கும்? அடிக்கு. அடியில என்ன இருக்கு? முடிக்கொத்தைக் கைப்பிடியோட சேர்க்குற பசை. அங்க ஈரம் தங்கினா பசை விடும், முடி கழலும், பூஞ்சை பிடிக்கும், மரக் கைப்பிடியா இருந்தா வெடிக்கும். தொங்கவிட்டா இதுல ஒண்ணும் நடக்காது. இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

அம்மாபேட்டை தறிக்காரன்:
வேணும். நல்லா உதறின பிரஷ்ஷுல மிச்சமிருக்குற தண்ணி, முடிக்கும் முடிக்கும் நடுவுல இருக்குற சந்துல நுண்புழை விசையால, அதாவது திரி எண்ணெயை உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி, பிடிச்சுக்கிட்டு நிக்குது. தலைகீழா மாட்டினா மட்டும் அது இறங்கி வந்துடாது. நுனியில ஒரு சொட்டு விழும், அதோட சரி. மிச்சமெல்லாம் காத்துல காயறதுதான். எங்க தெருவுல கஞ்சி போட்ட தறிப் பாவு நூலைப் படுக்கையா நீட்டித்தான் காயவைப்போம், யாரும் தொங்கவிடறதில்ல. நூல் ஒண்ணும் அழுகலைங்க.

நுரைநாயகம்:
பாவுக்கு அடியில பசை இருக்கா தறிக்காரரே? நூலும் பேட்ஜரும் ஒண்ணுன்னா நாளைக்கு நூல்கண்டாலயே ஷேவிங் பண்ணுங்க.

கன்னங்குறிச்சி குமாரு:
ரெண்டு பேரும் ஊரை மறந்துட்டீங்க. ஏற்காட்டுல ஐப்பசியில துண்டே காயாது, மூடுபனி வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அங்க தொங்கவிடட்டும். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு எப்படி வெச்சாலும் மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிடும்.

நுரைநாயகம்:
மலையில குடியிருக்குறது என் குத்தமா? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு தடவை வந்து என் அலமாரியைப் பாருங்க, அப்புறம் பேசுங்க. பதினாறு பிரஷ், அத்தனையும் தலைகீழா. ஒரு முடி கொட்டினதில்ல. கீழே இருக்குறவங்க பிரஷ் அடியில வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கே, அது என்னன்னு யோசிச்சீங்களா? பூஞ்சை. நிமிர்த்தி வெச்ச பலன்.

அம்மாபேட்டை தறிக்காரன்:
அது பூஞ்சை இல்ல சாமி, சோப்புக் கசடு. எங்க போர்வெல் தண்ணி கடினத் தண்ணி. கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்தா கரையாத கசடாத்தான் மாறும். மலையடிவாரத்துல மேக்னசைட்ங்கிற மெக்னீசியத் தாதுவை வெட்டி எடுக்குற ஊருல தண்ணி வேற எப்படி இருக்கும்? வினிகரைத் தண்ணியில கலந்து கொஞ்ச நேரம் ஊறவெச்சு அலசினா கசடு போயிடும். பூஞ்சைன்னா இப்படிப் போகுமா?

நுரைநாயகம்:
வினிகரா! நல்ல பேட்ஜரை ஊறுகாய் போடுற கூட்டம் இது. எங்களுக்கு ஊத்துத் தண்ணி, சோப்பைத் தொட்டாலே நுரை பொங்கும். உங்க போர்வெல் தண்ணியில இங்கிலாந்து சிம்ப்சன் கம்பெனி பிரஷ்ஷே வந்தாலும் நுரை நிக்காது. அது கிடக்கட்டும், நான் கேட்டது தொங்கவிடறதைப் பத்தி. அதுக்கு யாரும் பதில் சொல்லல.

செவ்வாய்ப்பேட்டையான்:
சிம்ப்சன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. அவங்க சப்பி பிரஷ்ஷைத் தொங்கவிட்டுக் காட்டுங்க பார்ப்போம். குட்டையா குண்டா இருக்குற கைப்பிடி, சாதா ஸ்டாண்டு வளையத்துல நுழையவே நுழையாது. 1919ல ஆரம்பிச்ச கம்பெனி, தொங்கவிட்டே ஆகணும்னு நினைச்சிருந்தா அப்படி ஒரு பிரஷ் பண்ணியிருக்குமா?

நுரைநாயகம்:
சாதா ஸ்டாண்டுல நுழையாதுதான். என் ஸ்டாண்டுல நுழையும்.

கன்னங்குறிச்சி குமாரு:
ஆங், இப்ப வெளிய வந்துச்சு. எஸ்டேட்ல வெட்டின சில்வர் ஓக் கட்டையில ஸ்டாண்டு கடைஞ்சு விக்கிறது யாருங்க? போன மாசம் எனக்கே விலை அனுப்பினாரு. யாரோ கடைக்காரன்னு சொன்னாங்களே!

நுரைநாயகம்:
நான் கடையறேன், விக்கிறேன், வாங்காதவங்க வயிறெரியறாங்க. தொங்கவிடற உண்மைக்கும் என் ஸ்டாண்டுக்கும் சம்பந்தமில்ல. வேணும்னா ரெண்டு ஆணி அடிச்சு அதுல மாட்டுங்க, எனக்கென்ன.

பழைய சலூன்காரர்:
தம்பிங்களா, நான் சூரமங்கலத்துல கடை வெச்சிருந்தவன். எங்க காலத்துல பன்றி முடி பிரஷ்தான். காலையில கப்புத் தண்ணியில ஊறப்போட்டா ராத்திரி வரைக்கும் ஈரம்தான். போகப்போக முடி நுனி பிளந்து பஞ்சு மாதிரி ஆகும், அப்பத்தான் அது பிரஷ்ஷே. ஒருத்தனும் தொங்கவிட்டதில்ல. பிரஷ் கெடுறது ரெண்டால: கொதிக்கிற தண்ணி, கன்னத்துல வெச்சு அமுக்கித் தேய்க்கிறது. அமுக்கினா நடுமுடி அடியோட ஒடிஞ்சு குழி விழும்.

நுரைநாயகம்:
பெரியவரே, சலூன் பிரஷ் வேற, சேகரிப்பு வேற. இத்தனை பேர் கன்னத்துல ஒரே பிரஷ், அதுவும் நாள் முழுக்க ஈரமா. முதல் உலகப் போர் காலத்துல பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் ஷேவிங் பிரஷ்ஷால ஆந்த்ராக்ஸ்ங்கிற கால்நடைக் கிருமி நோய் வந்து ஆளே செத்திருக்காங்க. படிச்சதில்லையா?

பழைய சலூன்காரர்:
எங்கிட்ட ஷேவிங் பண்ணிக்கிட்ட ஒருத்தனும் செத்ததில்ல. பேசுறதைப் பார்த்துப் பேசுங்க.

அம்மாபேட்டை தறிக்காரன்:
அந்த ஆந்த்ராக்ஸ், குதிரை முடியைக் கிருமி நீக்காம, பேட்ஜர் மாதிரி வேஷம் போட்டு வித்ததால வந்தது. போரால சுத்தம் பண்ணின முடி வர்ற வழி அடைபட்டுப்போச்சு. நிமிர்த்தி வெச்சதாலயா வந்துச்சு? பாதியைப் படிச்சுட்டுப் பெரியவரை மிரட்டாதீங்க.

நுரைநாயகம்:
ஈரம் இருக்குற இடத்துலதான் கிருமி. ஈரம் அடியில. அடியில ஈரம் தங்காம இருக்கத் தொங்கவிடணும். எத்தனை தடவை சொல்றது?

சில்வர்டிப் ரசிகன்:
நடுவுல ஒரு சந்தேகங்க. நுரைநாயகம் அண்ணே போன வருஷம் எனக்குக் கொடுத்த "சில்வர்டிப்", அதான் நுனி வெள்ளையா இருக்குற உயர்ரக பேட்ஜர் பிரஷ், நாலு நாளா முடி கொட்டுது. நுனி வெள்ளையும் மங்குற மாதிரி தெரியுது.

நுரைநாயகம்:
நிமிர்த்தி வெச்சீங்களா?

சில்வர்டிப் ரசிகன்:
நீங்க கொடுத்த ஸ்டாண்டுலதாண்ணே தொங்குது.

செவ்வாய்ப்பேட்டையான்:
😂😂

நுரைநாயகம்:
அப்போ உதறாம தொங்கவிட்டிருப்பீங்க. அதோட சில்வர்டிப்புன்னு பொதுவா ஒரு அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பேர் வைக்கும். வாங்கும்போதே இதைச் சொன்னேன்.

சில்வர்டிப் ரசிகன்:
சொல்லலைங்க. காசு வாங்கும்போது "ஒரிஜினல்"னு மட்டும்தான் சொன்னீங்க.

கன்னங்குறிச்சி குமாரு:
படத்துல மேல் தட்டுல இடதுபக்கம் ஒண்ணு இருக்கே, அது கீரி முடியா? 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வெச்சிருந்தாலே கேஸு.

நுரைநாயகம்:
கீரியா! அது குதிரை முடி. பார்க்கத் தெரியாதவனெல்லாம் சட்டம் பேசுறான். கீரி முடியில பெரும்பாலும் படம் வரையற பிரஷ்தான் பண்ணினாங்க. பேச்சை மாத்தாதீங்க குமாரு. உங்க சிந்தெடிக் ரெண்டையும் எப்படி வெச்சிருக்கீங்க, அதைச் சொல்லுங்க.

கன்னங்குறிச்சி குமாரு:
படுக்க வெச்சிருக்கேன். 😌

நுரைநாயகம்:
படுக்கவா?! இதுக்கு நிமிர்த்தி வைக்கிறவனே தேவலாம்.

செவ்வாய்ப்பேட்டையான்:
இதைப் படம் பிடிச்சு வெச்சுக்கிட்டேன்.

நுரைநாயகம்:
தேவலாம்னுதான் சொன்னேன், சரின்னு சொல்லல. மறுபடி முதல்லேருந்து சொல்றேன், எல்லாரும் கவனமாப் படிங்க. ஈரப் பிரஷ்ஷை நிமிர்த்தி வெச்சா தண்ணி எங்க இறங்கும்?

பழைய சலூன்காரர்:
நான் தூங்கப்போறேன். அந்த ஆந்த்ராக்ஸ் பேச்சுக்கு இன்னும் எனக்கு யாரும் பதில் சொல்லல.