பீரங்கிக் குண்டின் எண் 80 ஃப்யூஸைப் புளி போட்டுத் தேய்த்தது தப்பா?

மோதிரக்கை: பிரான்சில் சோம் பக்கம், ஆல்பெர் ஊர்ச் சந்தையில் ஒரு பழைய பீரங்கிக் குண்டின் மூக்கு வாங்கினேன். கன்னங்கரேல் என்று இருந்தது, புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று வந்துவிட்டது. நேரத்தைத் திருகிவைக்கும் மோதிரத்தில் 0 முதல் 22 வரை கோடுகள், உடம்பில் 80 என்ற முத்திரை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் 18 பவுண்டர் பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டுக்கு (வானில் வெடித்து ஈய உருண்டைகளை இறைப்பது) மூக்கில் போட்ட, குறித்த நேரத்தில் வெடிக்கவைக்கும் நேர ஃப்யூஸ்தானே?

பழம்பித்தளை: ஐயோ, புளியா! 80-க்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடும் 44-ம் இருந்ததா என்று இனி எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? 80/44 என்றால், எதிலாவது மோதினால் வெடிக்கவைக்கிற எண் 44 ஃப்யூஸும் அடியில் சேர்ந்தது. விமானத்தைச் சுடும் குண்டுகளுக்குப் போனது, ஷ்ராப்னலே இல்லை.

மோதிரக்கை: தேய்க்காவிட்டால் 80-ஏ தெரிந்திருக்காது அண்ணே. கறுப்போடு வைத்துக் கும்பிடவா?

பழம்பித்தளை: முகப் பவுடரைத் தடவி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தானே எழும்பும். மார்க் எண் (எத்தனையாவது திருத்த வடிவம் என்பது), செய்தவர் எழுத்துகள், மாதம், வருடம், லாட் என்கிற தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் மேல்தோலில்தான். ஆர்.எல். என்றிருந்தால் லண்டன் வுல்விச்சில் இருந்த அரசு வெடிமருந்துச் சாலை, ராயல் லேபரட்டரி. அதைத்தான் புளியில் கழுவிவிட்டீர்கள்.

மோதிரக்கை: ஜெர்மன் ஆயுதக் கம்பெனி க்ரூப் வடிவமைத்ததை பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி உரிமம் வாங்கிச் செய்த சாமான், போர் முடிந்ததும் க்ரூப் எதிரியிடமே உரிமத் தொகை பாக்கி கேட்டது. இந்தக் கதைக்கே காசு தகும். மோதிரம் 14-ல் நிற்கிறது, சுடுமுன் யாரோ பீரங்கிக்காரர் திருகிவைத்த அளவு!

பழம்பித்தளை: இல்லை, போன வாரம் கடைக்காரர் திருகிய அளவு.

கந்தகம்: முத்திரைக்கு அடித்துக்கொள்கிறீர்களே, அது சுடப்பட்டதா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. மோதிரத்துக்குள் பள்ளத்தில் அடைத்திருப்பது கருமருந்து, நூறு வருடம் மண்ணில் கிடந்தாலும் காய்ந்தால் பற்றும். செயலிழந்த குண்டையே பிரான்சிலிருந்து லண்டன் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏற்றவிடமாட்டார்கள், நீங்கள் எதில் கொண்டுவந்தீர்கள்?

மோதிரக்கை: காலி என்றுதான் விற்றவர் சொன்னார். இன்னும் பிரான்சில்தான் இருக்கிறேன். அடியைத் திருகிப் பார்த்தால் 44 சண்டையும் முடிந்துவிடும்.

கந்தகம்: திருகாதீர்கள். தட்டாதீர்கள், சுடுதண்ணீரும் வேண்டாம். வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் போடுங்கள்.

பழம்பித்தளை: இதில் நானும் கந்தகம் பக்கம்தான். ஆனால் புளிக்கு மன்னிப்பு கிடையாது.

மோதிரக்கை: சரி, போன் போடுகிறேன். வருகிறவர்களிடம் 80-ஆ 80/44-ஆ என்றும் கேட்டுவைக்கிறேன்.