அப்பாவையும் சேர்த்து வேறு நிறுவனத்துக்கு மாறலாமா? பெங்களூரு பில்லில் பாதிக்கு மேல் கையிலிருந்து கட்டிய பிறகு ஒரு கேள்வி

கேள்வி: காவேரிப்பட்டணம் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வயது 41, மனைவிக்கு 38. மகள் ஒன்பதாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. ஆறு பேருக்கும் சேர்த்து ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரே குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை 2019 முதல் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பித்து வருகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதை முதல் படிவத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தோம்.

கடந்த தை மாதத்தில் ஒரு விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கிருஷ்ணகிரியில் முதலுதவி கொடுத்த மருத்துவர், அடைப்பு இருக்கிறது, தாமதிக்க வேண்டாம் என்றதால் பெங்களூருவுக்குக் கொண்டுபோனோம். அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரிசையில் ஆம்புலன்ஸ் நின்ற அந்தச் சில நிமிடங்களை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஸ்டென்ட் வைத்தார்கள், ஐந்து நாள் இருந்தோம், அப்பா நலமாக இருக்கிறார்.

பில் 2,40,000 ரூபாய். அறைக்கு நாளொன்றுக்கு 8,000 வீதம் 40,000. மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் 90,000. ஸ்டென்ட், மருந்து, பரிசோதனை எல்லாம் சேர்த்து 1,10,000. நிறுவனம் கொடுத்தது 1,15,500 மட்டுமே. கையுறை, முகக்கவசம் போன்றவற்றுக்கு 9,000 கிடையாது என்பது புரிந்தது. "அறை வாடகை விகிதக் கழிவு" என்றும் "மண்டல இணைப்பங்கு 20 சதவீதம்" என்றும் இரண்டு வரிகள் இருந்தன, அவை புரியவில்லை. ஆரம்பத்தில் 38,000 ஆக இருந்த பிரீமியம், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீங்கிய பிறகும் இவ்வாண்டு 61,000 என்று கடிதம் வந்திருக்கிறது.

புதுப்பிக்க இன்னும் எழுபது நாள் இருக்கிறது. போர்ட் செய்துவிடு, அதாவது சேர்த்த உரிமைகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறிவிடு என்கிறார் நண்பர். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள், ஸ்டென்ட் வைத்ததை எழுத வேண்டியதில்லை என்கிறார் ஒரு முகவர். வங்கியில் பணம் போடப் போனால், பாதி விலைக்குத் தருகிறோம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர் பிரிவு

அப்பா நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. தொழிலாளர்களின் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பல ஆண்டுகளாகக் கையாளும் வேலையில் இருப்பதால், மாறுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் பில்லையே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய், என்று வரம்பு இருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை. வரம்பை மீறினால் அறை வாடகையை மட்டும் குறைப்பதில்லை. அறையின் தரத்துக்கேற்ப ஏறும் மருத்துவர் கட்டணம், அரங்குக் கட்டணம் முதலியவற்றையும் அதே ஐந்துக்கு எட்டு என்ற விகிதத்தில் குறைப்பார்கள். ஆனால் மருந்து, உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் போன்ற கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது இந்த விகிதக் கழிவைப் போடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. எந்த அறையில் படுத்தாலும் ஸ்டென்டின் விலை ஒன்றுதானே.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2,40,000இல் 9,000 போக 2,31,000. அதை முழுவதுமாக எட்டில் ஐந்தாகக் குறைத்தால் 1,44,375. அதில் மண்டல இணைப்பங்கான 20 சதவீதத்தைக் கழித்தால் மிகச் சரியாக 1,15,500, அதாவது உங்களுக்கு வந்த தொகை. முறைப்படி செய்திருந்தால் அறைக்கு 25,000, மருத்துவர் முதலிய கட்டணத்துக்கு 56,250, மருந்துக்கும் ஸ்டென்டுக்கும் பரிசோதனைக்கும் அந்த 9,000 போக 1,01,000, ஆக 1,82,250 வரும். அதில் 20 சதவீதம் போனாலும் 1,45,800 கிடைத்திருக்கும். மீதி 30,300 ரூபாயைக் கேட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை.

அடுத்து அந்த மண்டலம். நம் மாவட்டத்து முகவரியைக் கொடுக்கும்போது பல பாலிசிகளில் பிரீமியம் சற்றுக் குறைவாக வருகிறது. அதற்கு விலையாக, பெங்களூரு, சென்னை போன்ற உயர் மண்டல நகரங்களில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளே இருக்கிறது. சேலத்தோடு நிற்பவருக்கு அது இலாபம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கும் நாம், பெரிய நோய் என்றால் வண்டியை வடக்கே திருப்புகிறவர்கள். ஆகவே எந்த நிறுவனத்துக்கு மாறினாலும், மாறாவிட்டாலும், "பெங்களூருவில் படுத்தால் எத்தனை சதவீதம் என் பங்கு?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே மற்றதைப் பேசுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டி உயர் மண்டலத்துக்கு மாறிக்கொள்ளச் சில நிறுவனங்கள் இடம் தருகின்றன.

இனி மாறும் விஷயம். ஆறு பேரையும் ஒன்றாக மாற்ற முயலாதீர்கள் என்பதே என் கருத்து. போர்ட் செய்வது உங்கள் உரிமை என்றாலும், ஏற்பதும் மறுப்பதும் புதிய நிறுவனத்தின் முடிவு. ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆன 68 வயதுக்காரரைப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், அல்லது கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். பழைய நிறுவனமோ, கோரிக்கை வந்தது என்பதற்காக அவருடைய புதுப்பித்தலை மறுக்க முடியாது. மேலும் ஒருவருக்குப் போர்ட் கிடைக்காமல் போவதை வைத்து எல்லோருடைய விண்ணப்பமும் நிற்கும் நிலை வந்தால் நாள்கள் கடந்துவிடும். அப்பாவையும் அம்மாவையும் இருக்கும் இடத்திலேயே தனிப் பாலிசியாகத் தொடரச் செய்து, நீங்கள் நால்வர் மட்டும் மாறுங்கள். ஒரே பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள் என்பதால், உங்கள் மகனுக்கும் சேர்த்து நீங்கள் இத்தனை நாள் அப்பாவின் வயதுக்கான விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பிரித்தால் மொத்தம் கொஞ்சம் கூடவும் வாய்ப்புண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்பாவின் ஒரு சிகிச்சையில் ஐந்து லட்சமும் தீர்ந்து பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாமல் போகும் நிலை நீங்கும்.

நால்வருக்கும் பத்து லட்சமாக உயர்த்தினால், பழைய ஐந்து லட்சத்துக்கும், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குச் சேர்ந்த போனசுக்கும் நீங்கள் கழித்த காத்திருப்புக் காலம், அதாவது சில நோய்களுக்குப் பணம் தராத தொடக்கக் காலம், அப்படியே கணக்கில் வரும். கூடுதல் தொகைக்கு மட்டும் புதிதாகத் தொடங்கும். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்றாண்டுதான். விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் நாளுக்கு 60 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் கொடுக்க வேண்டும் என்பதால், உங்களுக்கு இன்னும் பத்து நாள் கழித்துக் கதவு திறந்து பதினைந்து நாளில் மூடிவிடும். பழைய நிறுவனம் உங்கள் விவரங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புதியது ஐந்து நாளில் முடிவைச் சொல்ல வேண்டும்.

ஸ்டென்ட் வைத்ததை எழுத வேண்டாம் என்ற அந்த முகவரை மட்டும் இனி வீட்டுக்குள் விடாதீர்கள். உள்ளதை மறைக்கச் சொல்பவர், கோரிக்கை மறுக்கப்படும் நாளில் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

பதில்: தர்மபுரி, ஓய்வு பெற்ற ஆசிரியை

தம்பிக்கு வணக்கம். மேலே ஓசூர் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றாலும், மாறுவது அவர் எழுதியிருப்பதைப் போல அத்தனை எளிதாக நடந்துவிடாது என்பதை என் தங்கை வீட்டு அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக முகவர் வாக்குக் கொடுத்தார்; அந்த நம்பிக்கையில் பழைய பாலிசியின் கடைசி நாளை விட்டுவிட்டார்கள். ஆறு நாள் கழித்து, கணவரின் சிறுநீரகக் கல் சிகிச்சையைக் காரணம் காட்டிப் புதிய நிறுவனம் மறுத்துவிட்டது. ஆண்டுப் பிரீமியத்துக்கு முப்பது நாள் சலுகைக் காலம் இருந்ததால் ஓடிப்போய்ப் பழையதற்கே பணம் கட்டித் தொடர்ச்சியைக் காப்பாற்றினோம். அந்த இடைப்பட்ட நாள்களில் ஏதாவது நேர்ந்திருந்தால் ஒரு பைசாவும் கிடைத்திருக்காது. புதிய பாலிசி ஆவணம் கைக்கு வந்து, அதில் "முதல் பாலிசி தொடங்கிய நாள் 2019" என்று அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை பழையதை விடாதீர்கள்.

இன்னொன்று. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக நிறுவனத்தை மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. இன்று குறைத்துக் காட்டுபவர் நாளை ஏற்றத்தான் போகிறார். உங்களுக்கு மாறக் காரணம் பிரீமியம் அல்ல, அறை வாடகை வரம்பும் மண்டலமும்தான். முதலில் இப்போதைய நிறுவனத்திடமே அவ்விரண்டும் இல்லாத திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா அம்மாவுக்கு அதுவே நல்ல வழியாக அமையலாம். ஒரே நிறுவனத்துக்குள் திட்டம் மாறினாலும் கழித்த காத்திருப்புக் காலம் போய்விடாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனங்கள் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருப்பதால், அவர்கள் இருவரின் பங்கு எவ்வளவு ஏறியது என்று தனியாகக் கேட்பதும் நல்லது.

பதில்: பாலக்கோடு

வங்கியில் சொல்லும் பாதி விலைப் பாலிசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது வாடிக்கையாளர்களுக்காக வங்கியின் பெயரில் எடுக்கப்படும் குழுப் பாலிசியாக இருக்கக்கூடும். உங்கள் கைக்கு வருவது ஒரு சான்றிதழ்தான். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. தனிப் பாலிசியில் ஆறு ஆண்டு சேர்த்த உரிமையை அதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள். நான் கூடுதல் பாதுகாப்பாக ஒன்று வைத்திருக்கிறேன். அதை மட்டுமே நம்பி இருந்ததில்லை.

மீண்டும் கேட்டவர்: காவேரிப்பட்டணம் கடைக்காரர்

மூவருக்கும் நன்றி. பாலிசிப் புத்தகத்தைக் கடையிலேயே உட்கார்ந்து இரண்டு மாலை முழுவதும் படித்தேன். ஓசூர் ஐயா சொன்ன விதி, "தொடர்புடைய மருத்துவச் செலவுகள்" என்ற விளக்கத்தில் சிறிய எழுத்தில் அப்படியே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி 30,300 ரூபாய் கேட்டு நேற்று மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிட்டேன். அப்பா அம்மாவை அங்கேயே தனியாகத் தொடரச் செய்யவும் முடிவு செய்துவிட்டேன். உயர் மண்டலத்துக்கான கூடுதல் தொகையைக் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். நால்வருக்கான போர்ட் படிவத்தை நிரப்பும்போது மனைவி, தனக்கு இரண்டு ஆண்டாகத் தைராய்டு மாத்திரை இருப்பதை நினைவுபடுத்தினார். காலையில் வெறும் வயிற்றில் போடும் சின்ன மாத்திரை. அதை நோயாகவே நாங்கள் நினைத்ததில்லை. 2019 படிவத்தில் அது இல்லை. இப்போது எழுதினால் மறைத்தோம் என்று சொல்லிவிடுவார்களா?

பதில்: ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர் பிரிவு

2019இல் அவருக்கு அது இல்லை. இல்லாததை எப்படி எழுதியிருக்க முடியும்? பாலிசி தொடங்கிய பின் வந்த நோய் மறைத்த கணக்கில் வராது. தொடர்ந்து ஐந்து ஆண்டு முடிந்த பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடி என்றால் ஒழிய, சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டிக் கோரிக்கையை மறுக்கவும் முடியாது. அந்தப் பாதுகாப்பு போர்ட் செய்தாலும் பழைய தொகைக்குத் தொடரும். ஆனால் இப்போது நிரப்புவது புதிய படிவம், கூடுதல் ஐந்து லட்சமும் புதியது. அதில் அவசியம் எழுதுங்கள். எந்த ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது, மாத்திரையின் பெயர், எத்தனை மைக்ரோகிராம் என்று குறிப்பிட்டு, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவையும் முதல் மருந்துச் சீட்டையும் இணையுங்கள். முதல் சீட்டு கிடைக்காவிட்டால், அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே தேதியிட்டு ஒரு கடிதம் கேளுங்கள். முகவர் நிரப்பித் தருகிறேன் என்றாலும் அந்தப் பக்கத்தை உங்கள் கையாலேயே நிரப்பி, கையெழுத்திடும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.