சீன எடையில் ஒரு ஜின்னுக்கு 10 லியாங்கா, 16 லியாங்கா?

பினாங்கில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி மறைந்துவிட்டார். இளவயதில் குவாங்சோவில் அவர் எழுதிவைத்த கடுகுக்கீரை ஊறுகாய்க் குறிப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது: கீரை 5 ஜின், உப்பு 6 லியாங். தேதி இல்லை.

சீனாவில் 1959 முதல் ஒரு ஜின்னுக்கு 10 லியாங், அதாவது லியாங்குக்கு 50 கிராம். அந்தக் கணக்கில் 2.5 கிலோ கீரைக்கு 300 கிராம் உப்புப் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. அதற்கு முன் 16 லியாங். ஆகவே அடுத்த முறை 187.5 கிராம், பத்தே நாளில் கீரை குழைந்துவிட்டது. இங்குள்ள பழைய எடையான காத்தி 604.79 கிராம், அதிலும் 16 பங்குதான் என்பதால் விகிதம் மாறவில்லை. அந்த ருசியை விட்டுவிட மனம் வரவில்லை.

இந்த ஊறுகாயைப் போட்டுப் பழகியவர்களே, ஒரு கிலோ கீரைக்கு எத்தனை கிராம் உப்புப் போடுகிறீர்கள்?