மசோவியாவின் கொன்ராட்: ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டவரா?

பழஞ்சுவடி:
போலந்து பற்றிய பேச்சில் ஒருவர், "டியூட்டானிக் வீரர்களைக் கூப்பிட்டு நாட்டைக் கெடுத்ததே மசோவியாவின் சிற்றரசர் கொன்ராட்தான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். (டியூட்டானிக் வீரர்கள் என்றால் துறவற விரதம் எடுத்துக்கொண்டு வாளேந்திய ஜெர்மன் கிறிஸ்தவப் படை அமைப்பு.) எனக்கு ஒப்பவில்லை. 1138-ல் போலந்தை ஆண்ட மூன்றாம் பொலெஸ்வாவ் சாகும்போது நாட்டை மகன்களுக்குப் பாகம் பிரித்து வைத்தார், அன்றிலிருந்து போலந்து என்பது அடித்துக்கொள்ளும் பங்காளிகளின் கூட்டம்தான். 13-ம் நூற்றாண்டில் அந்த வம்சத்துக் கொன்ராட் கைக்கு வந்தது மசோவியா, குயாவியா என்ற இரண்டு பகுதிகள். அதற்கு வடக்கே கிறிஸ்தவம் ஏற்காத பிரஷ்யர்கள் (பின்னாளின் ஜெர்மன் பிரஷ்யா இல்லை, பால்டிக் மொழி பேசிய பழங்குடிகள்), அடிக்கடி எல்லை தாண்டி வந்து ஊரைக் கொளுத்திவிட்டு ஆளைப் பிடித்துப் போவார்கள். 1222-23-ல் போலந்துச் சிற்றரசர்கள் சேர்ந்து படையெடுத்தும் ஒன்றும் நிலைக்கவில்லை. மனிதர் வேறு யாரைத்தான் கூப்பிடுவார்?

கோட்டைவாசல்:
பாவம் பார்க்கிறீர்களே! படையை நடத்திக்கொண்டிருந்த சொந்தத் தளபதி கிறிஸ்டினை 1217-ல் கண்ணைக் குருடாக்கிக் கொன்றது யார்? பிரஷ்யரை அடக்கி வைத்திருந்தவரே அவர்தான் என்பார்கள். காவல்காரனைக் கொன்றுவிட்டு, திருடன் வருகிறான் என்று அழுதால் எப்படி? இதே டியூட்டானிக் வீரர்களை 1211-ல் ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ எல்லைக் காவலுக்குக் குடிவைத்தார். அவர்கள் அந்த நிலத்தைப் போப்பின் பெயருக்கு மாற்றித் தனி நாடாக்கப் பார்த்தார்கள், 1225-ல் படையோடு போய் விரட்டினார். அடுத்த வருடமே கொன்ராட் அவர்களை அழைக்கிறார்! பக்கத்து நாட்டில் நடந்தது காதில் விழவில்லையா?

பழஞ்சுவடி:
விழுந்திருக்கும், ஆனால் வேறு வழி? உள்ளூரிலேயே டோப்ஷின் வீரர்கள் என்று ஒரு படைத்துறவிகள் அமைப்புக்கு ஆதரவு கொடுத்துப் பார்த்தார், ஆரம்பத்தில் பதினைந்து பேர் அளவுதான் தேறினார்கள், அதை வைத்து என்ன செய்ய? அப்புறம், டியூட்டானிக் வீரர்களுக்கு அவர் கொடுத்தது பிரஷ்ய எல்லையை ஒட்டிய ஹெவ்ம்னோ பகுதி, அதுவும் தன் மேலாண்மையின் கீழ் என்ற எண்ணத்தில்தான். அந்தப் பகுதியை மொத்தமாக எழுதிக் கொடுத்ததாகக் காட்டப்படும் 1230-ம் ஆண்டு க்ருஷ்விட்சா ஒப்பந்தத்தின் மூலப் படி கிடையாது. போலிப் பத்திரம் என்று வாதிடும் வரலாற்றாய்வாளர்கள் நிறைய.

நடுப்பக்கம்:
இடையில் ஒன்று. அந்தப் பத்திரம் போலியா உண்மையா என்பதைவிட, புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் ரிமினி ஆணைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிடிக்கிற நிலமெல்லாம் வீரர்களுக்கே என்கிறது அது. 1226 என்று தேதி போட்டிருந்தாலும் 1235-ல்தான் எழுதப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எப்படியோ, 1234-ல் போப் ஒன்பதாம் கிரிகோரியும் அதே நிலத்தைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். அவர்கள் பேரரசரிடமும் போப்பிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்க, இவரிடம் இருந்தது நம்பிக்கை மட்டும்.

கோட்டைவாசல்:
நம்பிக்கையும் இல்லை சார், கவனமே இல்லை. 1227-ல் கோன்சாவாவில் அண்ணன் லெஷெக் கொல்லப்பட்டதும் இவர் கண்ணெல்லாம் பங்காளிகளில் மூத்தவருக்கு உரிய கிராக்கோவ் அரியணை மேல்தான். 1229-ல் போட்டியாளரான சிலேசியாவின் சிற்றரசர் தாடிக்கார ஹென்றியைப் பிடித்துச் சிறையிலேயே அடைத்தார். வடக்கே வந்தவர்கள் கோட்டை மேல் கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது இவர் தெற்கே பங்காளிச் சண்டையில். 1241-ல் கிராக்கோவ் கிடைத்தது, இரண்டே வருடத்தில் கையை விட்டும் போனது. ஓணானை வேட்டிக்குள் விட்டதுகூடப் பரவாயில்லை, விட்டுவிட்டு வேட்டியைக் கவனிக்காமல் போனார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

பழஞ்சுவடி:
சரி, கிராக்கோவ் வெறியை மறுக்கமாட்டேன். ஆனால் எண்பது வருடம் கழித்து நடந்ததையும் சொல்லுங்களேன். 1308-ல் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் நாட்டுக்காரர்கள் பால்டிக் கடலோர நகரமான கிதான்ஸ்கைச் சூழ்ந்தபோது உதவிக்கு இதே டியூட்டானிக் வீரர்களைக் கூப்பிட்டது யார்? போலந்தை ஒன்றுசேர்த்த மாவீரன் என்று எல்லோரும் கொண்டாடும் குள்ளன் விளாடிஸ்லாவின் ஆட்கள். வந்தவர்கள் எதிரியை விரட்டிவிட்டு ஊரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த விளாடிஸ்லாவ் கொன்ராடின் சொந்தப் பேரன். தாத்தா முட்டாள், பேரன் மாவீரனா?

கோட்டைவாசல்:
பேரனையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர் 1320-ல் முடிசூடி, அந்தக் கடலோரத்தைத் திரும்பக் கேட்டு போப் நியமித்த நீதிபதிகள் முன் வழக்காவது போட்டார். 1321-ல் தீர்ப்பும் போலந்து பக்கம்தான். வீரர்கள் ஓர் அடி நகரவில்லை, அந்தக் கடலோரம் முறைப்படி போலந்திடம் திரும்பியது 1466-ல்.